சிக்கன உபதேசம்

சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களை நான் சற்றுக் கூர்ந்து கவனிப்பது வழக்கம். பேசுகிறவர் யார், கேட்க உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகத் தெரியும். இந்த உபதேசம் என்றைக்கும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாய்கிறது. மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்குகிற குமாஸ்தா எழுந்து நின்று, 'தாங்கள் கொஞ்சம் சிக்கனமாக இருக்கக் கூடாதா, சார்?' என்று முதலாளியைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதலாளி குமாஸ்தாவைக் கேட்பதோ அன்றாட நிகழ்ச்சி.

நாலு வியாபாரிகளும் கம்பெனி நிர்வாகிகளும் கூடுகிற இடத்தில் காதைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று புகார்கள் தவறாமல் கேட்கும். 'இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலையில் கவனமே இல்லை' என்பது ஒன்று. 'தொட்டதற்கெல்லாம் லீவு போடுகிறார்கள்' என்பது இரண்டு. 'மாதம் பிறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் அட்வான்ஸ் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்கிறார்கள்' என்பது மூன்று. சொல்லி முடித்ததும் தீர்ப்பு வரும்: 'எல்லாம் ஊதாரித்தனம், சார்! விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா?'

புகார்கள் மூன்றும் வாஸ்தவம்தான். நான் மறுப்பது தீர்ப்பை. முதல் இரண்டு புகார்களும் மூன்றாவதின் பிள்ளைகள் என்பதை இந்த நீதிபதிகள் பார்க்க மறுக்கிறார்கள். பணக் கவலை பிடித்த மனிதனுக்கு வேலையில் கவனம் நிற்காது. அது அவனுடைய குணத்தில் உள்ள கோளாறு அல்ல. கவனமும் ஒரு சொத்துத்தான். மற்றச் சொத்துக்களோடு அதையும் கடன்காரன் ஜப்தி செய்து கொண்டு போய்விடுகிறான். விரலையும் வீக்கத்தையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிபட்ட விரல்தான் வீங்கும். வீக்கத்தைக் கண்டு விரலைத் திட்டுகிறவரை எந்த ஊரிலும் வைத்தியர் என்று சொல்வதில்லை.

ஊதாரித்தனம் என்கிறார்களே, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது 22,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். புறநகரில் வீட்டு வாடகை 8,000. மளிகை, பால், காய்கறி 7,000. பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக மாதா மாதம் எடுத்து வைப்பது 2,500. காஸ் சிலிண்டர், மின்சாரம், தொலைபேசி 1,800. ரயிலும் பஸ்ஸும் 1,000. தாயாரின் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை 1,200. ஆக மொத்தம் 21,500. மிச்சம் 500 ரூபாய். செருப்பு அறுந்து போவதும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதும், தீபாவளியும் இன்னும் இந்தக் கணக்கில் வரவில்லை. எங்கே, இந்தப் பட்டியலில் ஊதாரித்தனம் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள் பார்க்கலாம்! பாலை நிறுத்தச் சொல்கிறீர்களா, தாயாரின் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறீர்களா?

இந்த நிலையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்ந்து நாலாயிரம். மனைவியின் வளையல் ஏற்கெனவே அடகில் இருக்கிறது. எனவே வட்டிக்காரரிடம் போக வேண்டியதுதான். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி என்றால் வருஷத்துக்கு அறுபது. தண்டல்காரரிடம் போனால், பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எண்ணாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். சௌகரியத்துக்காகக் கார் வாங்குகிற மேனேஜருக்கு வங்கி வருஷத்துக்குப் பத்து வட்டிக்கும் குறைவாகக் கடன் கொடுக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து வாங்குகிற குமாஸ்தாவுக்கு அறுபது வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, வட்டி தெருவில் இருக்கிறது. வசதி உள்ளவனுக்கு மலிவாகவும் வசதி இல்லாதவனுக்குக் கிராக்கியாகவும் விற்கப்படுகிற சரக்கு உலகத்திலேயே பணம் ஒன்றுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் கடன்காரன் திண்ணையில் வந்து உட்காருவான். இப்போது அவன் சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறான். கைபேசியில் கடன் செயலி. விரலால் நாலு தடவை தட்டினால் பணம் வந்துவிடுகிறது. பின்னாலேயே வசூல்காரனின் குரலும் வருகிறது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அமர்த்தும் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது. நல்ல உத்தரவு. மனிதனின் தூக்கத்துக்கும் குடும்பத்துக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்த உத்தரவு. ஆனால், மிச்சமிருக்கும் நேரம் எது? காலை 8 முதல் மாலை 7 வரை. அதாவது ஆபீஸ் நேரம்! கடன்காரனுக்கு வீட்டு வாசலை அடைத்தோம். அவன் ஆபீஸ் வாசல் வழியாக வருகிறான்.

மேஜை மேல் கைபேசி நடுங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு அவர் மாடிப்படி ஓரமாகப் போகிறார். குரலைத் தாழ்த்தி, 'ஐந்தாம் தேதி கட்டிவிடுகிறேன், சார்' என்கிறார். திரும்பி வந்து உட்காரும்போது பக்கத்து மேஜைக்காரர் தன்னைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று ஒரு கவலை. பிறகு கம்ப்யூட்டரில் வரிசையாக எண்கள். எந்த வரியில் விட்டோம் என்பது மறந்துவிட்டது. அவருடைய மனம் வேறு ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது: 'சங்கரனிடம் ரெண்டாயிரம் கேட்கலாமா? போன தடவை வாங்கியதே பாக்கி இருக்கிறதே!' கம்பெனிக் கணக்கில் 6 என்பது 9 ஆகிவிடுகிறது. மாலையில் மேனேஜர் கூப்பிட்டு, 'என்னப்பா, கவனத்தை எங்கே வைத்திருக்கிறாய்?' என்று கேட்கிறார். எங்கே வைத்திருக்கிறார் என்று அவரால் சொல்ல முடியுமா?

கதை எழுதுகிறவனுக்கு மனித மனத்தைப் பற்றித் தெரிந்த சமாசாரம் ஒன்று உண்டு. மனிதன் பசியைக்கூடத் தாங்கிக்கொள்வான், வெட்கத்தைத் தாங்க மாட்டான். கடன் தருகிற துன்பத்தில் பாதிக்கு மேல் வெட்கம்தான். அதனால்தான் லீவு போடுகிறவன் 'வயிற்று வலி' என்று எழுதுகிறான். 'வட்டிக்காரன் இன்று ஆபீஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்' என்று எழுதுவதில்லை. மனைவியிடம் பாதியை மறைக்கிறான். மறைத்ததை நினைத்து இரவெல்லாம் புரண்டு படுக்கிறான். காலையில் ஒன்றுமில்லாததற்குக் குழந்தையை அடிக்கிறான். இப்படிப்பட்டவன் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனாக இருக்கலாம், பஸ் ஓட்டுகிறவனாக இருக்கலாம். அவன் கவலை அவனோடு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த மாத்திரையை விழுங்குவதும் இல்லையா, அந்த பஸ்ஸில் ஏறுவதும் இல்லையா?

இதெல்லாம் கதாசிரியனின் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக விஞ்ஞானிகளையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்ற நால்வர் செய்த ஆராய்ச்சி 2013-ஆம் ஆண்டில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. ஆராய்ச்சியின் ஒரு பகுதி நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்பு கையில் காசு வறண்டிருக்கும்போது ஒரு தடவையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு தடவையும் புத்தியையும் கவனத்தையும் சோதிக்கும் பரீட்சை வைத்தார்கள். அதே மனிதர், அதே மூளை. ஆனால் காசு இல்லாத காலத்தில் பரீட்சை மோசமாகவும், காசு வந்த பிறகு நன்றாகவும் எழுதினார். அறுவடைக்கு முன்பு அவர் முட்டாளாகவும், பின்பு புத்திசாலியாகவும் மாறிவிட்டாரா? இல்லை. அவருடைய புத்தியில் ஒரு பாகத்தைக் கவலை வாடகைக்கு எடுத்திருந்தது. பணம் வந்ததும் காலி செய்துவிட்டது.

விவசாயி வேறு, சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் வேறு என்று சொல்வீர்களானால் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஒடிஷாவில் இலைகளைத் தைத்துத் தட்டு செய்கிற ஏழைத் தொழிலாளிகளிடையே சுப்ரீத் கௌர் முதலான பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2021-இல் அதன் முடிவு வெளியாயிற்று. செய்கிற தட்டுக்குத் தகுந்த கூலி. ஒரு சாராருக்கு, உழைத்த கூலியில் ஒரு பகுதியை முன்னதாகவே கையில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கடைசியில்தான் கொடுத்தார்கள். கூலியில் ஒரு பைசா கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் சம்பாதித்த பணத்தையே கொஞ்சம் சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பணம் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? உபதேசிகள் எதிர்பார்ப்பதுபோல் உல்லாசமாகச் செலவழித்தார்களா? கடனை அடைத்தார்கள். வீட்டுக்கு வேண்டிய சாமான் வாங்கினார்கள். மறுநாள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் செய்த தட்டுகளின் எண்ணிக்கை 7 சதவிகிதம் கூடிற்று. கவனப் பிசகினால் வருகிற தவறுகள் குறைந்தன. அவர்களிலும் மிக ஏழைகளாக இருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம் தெரிந்தது.

ஆகவே கவனக் குறைவுக்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. அதன் பெயர் சம்பளம். அதை உரிய காலத்தில் கொடுக்க வேண்டும் என்பதுதான் பத்தியம்.

புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல இது. வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய விட்லி என்பவர் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைத்தார்கள். நம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் அங்கத்தினர். முதலாளிகள் தரப்பிலிருந்து ஜி. டி. பிர்லாவும் இருந்தார். 1931-இல் அறிக்கை வந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கடனாளிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தக் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல் என்று அந்தக் கமிஷன் கண்டது. அதன் பிறகு 1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள், ஆயிரம் பேருக்குக் குறையாத பெரிய இடமானால் பத்தாம் நாளுக்குள், சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது அது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதுவும் ஏழாம் நாள் என்றுதான் சொல்கிறது. இவ்வளவு சட்டத்துக்குப் பிறகும், 'இந்த மாதம் கலெக்ஷன் சரியில்லை, இருபதாம் தேதி பார்க்கலாம்' என்று கூசாமல் சொல்கிற முதலாளிகள் எத்தனை பேர் என்று வாசகர்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு கேள்வி. உண்மையில் யார் யாருக்குக் கடன்பட்டவர்? முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை ஒருவன் உழைக்கிறான். உழைப்பு முழுவதையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, விலையை மாதக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். இதற்குப் பெயர் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது இல்லையா? மளிகைக் கடைக்காரர் நமக்கு ஒரு மாதம் கடன் கொடுத்தால் அவரைத் தயாளு என்கிறோம். தன் உழைப்பையே மாதா மாதம் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிற குமாஸ்தாவைக் கடனாளி என்கிறோம்! மாதத்தின் நடுவில் அவன் அட்வான்ஸ் கேட்டு வந்து நிற்கும்போது தலையைச் சொறிய வேண்டியவன் அவன் அல்ல. பதினைந்து நாள் உழைத்துவிட்டுத்தான் அவன் வந்து நிற்கிறான்; கேட்பது அவனுக்கு வர வேண்டிய பாக்கி.

குடிக்கிறவன் இல்லையா, சூதாடுகிறவன் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். நான் அவர்களுக்காக வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஊரில் ஒருவனுக்கு அஜீரணம் என்பதற்காக ஊருக்கே பட்டினி போடுவது என்ன நியாயம்? சிறிய முதலாளியே கடனில் தவிக்கிறாரே என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அவருக்கும் ராத்திரியில் தூக்கம் இல்லை என்பதை நான் அறிவேன். ஆனால், சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிக்குத் தேதி தவறாமல் பணம் போகிறது. தவறினால் அடுத்த மாதம் சரக்கு வராது. குமாஸ்தா மட்டும் அடுத்த மாதமும் வருவான். வேறு போக்கிடம் இல்லாதவனிடம்தான் தவணை சொல்கிறோம் என்றால் அது பலவீனனைப் பார்த்துக் கைவைக்கிற காரியம்.

பெரிய கம்பெனிகள் இந்த விஷயத்தில் ஒரு படி முன்னேறியிருக்கின்றன. சிப்பந்திகளின் மனம் சோர்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். உடனே ஒரு நிபுணரை வரவழைத்து, 'மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி?' என்று ஒரு மணி நேரப் பிரசங்கம் வைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கச் சொல்கிறார் அவர். யோகம் நல்லதுதான், எனக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் வீட்டு வாடகை உள்ளே வருவதில்லையே! பிரசங்கம் முடிந்ததும் காப்பி கொடுக்கிறார்கள். நிபுணருக்குச் செக் அன்றைக்கே கொடுக்கப்படுகிறது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ஒன்றும் தர்மகர்த்தா அல்ல. 1913-இல் அவருடைய மோட்டார்த் தொழிற்சாலையில், வேலையின் சலிப்புத் தாங்காமல் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சுமார் 14,000 பேர் செய்கிற வேலைக்கு அந்த ஒரு வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியதாயிற்று. உபதேசம் செய்து பயனில்லை என்று கண்ட அந்த வியாபாரி, 1914 ஜனவரியில் தினக் கூலியை ஏறக்குறைய இரு மடங்காக, ஐந்து டாலராக உயர்த்தினார். வேலை நேரத்தையும் எட்டு மணியாகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள், உற்பத்தி பெருகிற்று. ஆனால் அவராலும் உபதேச ஆசையை விட முடியவில்லை. ஒரு தனி இலாகா வைத்து, தொழிலாளி வீட்டுக்குள் ஆள் அனுப்பினார். குடிக்கிறானா, மிச்சம் பிடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று விசாரித்த பிறகுதான் முழுக் கூலி. காசு கொடுக்கிற கைக்குக் கூடவே காதைத் திருகவும் ஆசை வந்துவிடுகிறது! ஃபோர்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது முதல் பாதியை மட்டும்தான்.

முதலாளிகளைத் திட்டினால் வாசகர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் பலரும் முதலாளிகள்தான். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் இருக்கிறாள், சமையல் செய்கிறவர் இருக்கிறார், கார் ஓட்டுகிறவர் இருக்கிறார். ஏழைக் குமாஸ்தாவின் கதையைத் தொடர்கதையில் படித்துக் கண்ணீர் விடுகிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், 'அம்மா, இந்த மாசம் சம்பளத்திலே ஐந்நூறு முன்னாலே குடுத்தா நல்லாயிருக்கும்' என்று அவள் வாசற்படியில் நிற்கிறாள். 'என்னம்மா இது, போன மாசமும் இப்படித்தானே கேட்டே? கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணக் கூடாதா?' என்று நம் வாயிலிருந்தும் அதே உபதேசம் வருகிறது. ஊருக்குப் போய்விட்டு ஏழாம் தேதி வந்து சம்பளம் கொடுக்கிறோம். ஏழு நாள் நமக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அது ஏழு நாள் வட்டி.

இதைப் படிக்கிறவர்கள் ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிறவர்களாக இருந்தாலும், ஒரே ஒருத்திக்குக் கொடுக்கிறவர்களாக இருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான். குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். நடுவில் கேட்டால், உழைத்த நாட்களுக்கு உரியதைக் கேள்வி கேட்காமல், முகம் சுளிக்காமல் கொடுங்கள். நாலு பேர் முன்னிலையில் கொடுக்காதீர்கள். ஆபீஸில் போதுமான ஆட்கள் இருந்தால், அவர்கள் ஒருவருக்கொருவர் குறைந்த வட்டியில் கைகொடுக்கக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்று அமைக்க உதவுங்கள். தன் காசை மிச்சம் பிடிக்க வழி இருந்தால் சிக்கனத்தை மனிதன் தானாகவே கற்றுக்கொள்வான். அதற்கு நம் பிரசங்கம் தேவையில்லை.

அதன் பிறகும் அவன் வேலையில் கவனம் இல்லாமல் இருந்தால், அப்போது அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு சிக்கனம் போதிக்கிற உரிமை மட்டும் எவருக்கும் கிடையாது.